திறக்கவில்லை, சரி

இந்த உலகத்திலேயே அதிக அதிகாரம் உள்ள மனிதர் யார் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்வீர்கள். எல்லாம் தப்பு. அது எங்கள் சித்தப்பாதான். அவர் காலையில் பல் தேய்த்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு போய், நாற்காலியில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போட்டால் போதும். கடல் தாண்டி ஏழெட்டு நாட்டுக் கம்ப்யூட்டர்கள் கப்சிப் என்று வாயை மூடிக்கொள்ளும். பத்திரிகைகள் காற்றில் கரையும். பெரிய பெரிய பேச்சாளர்கள் பேச்சின் நடுவிலேயே காணாமல் போவார்கள். ஒரு தளபதிக்குக்கூட ஊரை அடக்க ஆயிரம் பேர் வேண்டும். சித்தப்பாவுக்கு ஓர் அடி ஸ்கேல் போதும்.

இதை நான் டுடோரியலில் சொல்லிச் சொல்லி, தெருவில் சித்தப்பா வந்தால் கூடப் படிக்கிறவர்கள் போனைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வணக்கம் வைக்கிற அளவுக்கு வளர்த்துவிட்டேன். சித்தப்பாவும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு மரியாதை என்று நெகிழ்ந்துபோய்ப் பதில் வணக்கம் வைப்பார்.

உண்மை கொஞ்சம் சின்னது. சித்தப்பா இணைய ஒழுங்கு அலுவலகத்தில் சரிபார்ப்பு உதவியாளர், மூன்றாம் நிலை. எந்தப் பக்கத்தை மூடுவது என்று முடிவு செய்வது முதல் மாடி. மூடுவது இரண்டாம் மாடி. மூன்றாம் மாடியில், சுவரைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் சித்தப்பா. அவர் வேலை, மூடியது நிஜமாகவே மூடியிருக்கிறதா என்று பார்ப்பது. காலையில் ஒரு பட்டியல் வரும். முந்நூறு முகவரி இருக்கும். ஒவ்வொன்றாக டைப் செய்வார். சாம்பல் நிறத்தில் ஒரு பக்கம் வரும்: "பொதுநலன் கருதி இந்தப் பக்கம் நிறுத்தப்பட்டுள்ளது." உடனே ஸ்கேலை வைத்து, வரிசை தவறாமல் ஒரு டிக். பக்கத்தில் குறிப்பு: திறக்கவில்லை, சரி.

பதினான்கு வருடமாக இதுதான். ஒன்றுமில்லாததைப் பார்த்துப் பார்த்தே கண்ணாடி போட்டவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"சித்தப்பா, அதுக்குள்ள என்ன இருந்திருக்கும்னு உங்களுக்குத் தோணவே தோணாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என்ன இருந்துச்சுங்கிறது முதல் மாடி. என் வேலை, இல்லையான்னு பாக்கறது."

"இல்லன்னா?"

"சரி."

வீட்டிலும் இதே ஆட்சிதான். வெளியே கிளம்பினால் கேஸ் வால்வைத் திருகிப் பார்ப்பார், திறக்கல, சரி. குழாயைத் தட்டிப் பார்ப்பார், சொட்டல, சரி. தூங்கப் போகும் முன் ஜன்னல் கொக்கி. ஒருமுறை நான் ஃப்ரிட்ஜ் கதவின் உள்விளிம்பில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் போட்டு மூடிவைத்தேன். வந்து இழுத்தார். வரவில்லை. "திறக்கல, சரி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். தண்ணீர் குடிக்க வந்ததே அவருக்கு மறந்துபோயிற்று. ஏமாற்றுகிறவருக்கு இதைவிட அவமானம் வேறு இல்லை.

நான் இந்த வீட்டுக்கு வந்தது கணக்குப் பரீட்சையைத் திருப்பி எழுத. என் அப்பாவும் அம்மாவும் இருக்கிற இடத்தில் டுடோரியல் இல்லை. இங்கே இருக்கிறது, சித்தி சித்தப்பாவும் இருக்கிறார்கள், குழந்தைகள் இல்லை. ஆகவே நான். சித்தப்பா எனக்கு வைத்த பெயர் வாலு. மூன்று தடவை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவது தடவையைப் பற்றி அப்புறம்.

இனி சித்தி. சித்தி ஒரு பெரிய பேக்கரியின் கவுன்ட்டரில் இருந்தாள். முன்னால் கூட்டம், பின்னால் அடுப்பு, நடுவில் சித்தியின் குரல். "ஒரு கிலோ கேக், ரெண்டு பாக்கெட் ரஸ்க், பன்னு பத்து!" என்று அவள் கூவினால் அடுப்படி மட்டுமல்ல, எதிர்க் கடையும் கொஞ்சம் வேகமாக வேலை செய்யுமாம். அந்தக் கடைக்கு தினமும் ஒரு பன் வாங்க வந்தவர்தான் சித்தப்பா. முதல் நாள் குடையை மறந்து வைத்துவிட்டு நடந்தார். முதுகுக்குப் பின்னால் இடி இடித்த மாதிரி ஒரு குரல்: "ஏங்க! குடை!" சித்தப்பா திரும்பினார். அதோடு சரி. மறுநாள் கைக்குட்டையை மறந்தார். அதற்கு மறுநாள் பேனா. நாலாவது நாள் வாங்கிய பன்னையே மறந்தார். பிறவியிலேயே எதையும் மறக்காத ஒரு மனிதர் ஒரு மாதம் இப்படி மறந்து மறந்தே கல்யாணம் பண்ணிக்கொண்டார் என்று சித்தியே சொல்லிச் சிரிப்பாள்.

சொல்லிச் சிரிப்பாள் என்பது பழைய கதை. இரண்டு வருடத்துக்கு முன் சித்தியின் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு சின்னத் துவாரம். அது வழியாகத்தான் மூச்சு. மேலே மெல்லிய துணி கட்டியிருப்பாள். உயிர் மிச்சம், குரல் போயிற்று. கவுன்ட்டரிலிருந்து பேக்கிங் அறைக்கு மாற்றிவிட்டார்கள். காலையில் போய் மதியத்துக்குள் வந்துவிடுவாள். வீட்டில் ஸ்பூனால் தம்ளரைத் தட்டிப் பேசினாள். ஒரு தட்டு என்றால் இங்கே வா. இரண்டு என்றால் வேண்டாம். மூன்று என்றால் உங்களுக்கு அறிவே கிடையாது. மூன்று தட்டு பெரும்பாலும் சித்தப்பாவுக்குத்தான் விழும்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அக்கா ஒரு இணையப் பக்கத்தின் பெயரை எழுதிக் கொடுத்தாள். குரல்வளை இல்லாமலே பேசப் பழகும் ஆட்கள் அதில் கூடுகிறார்கள். எங்கோ ஒரு நாட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வகுப்பு எடுக்கிறார். அவருக்கும் இதே ஆபரேஷன், நம் மொழிதான் பேசுவார். எல்லோரும் அவரை டிரைவர் அண்ணன் என்பார்கள். மொத்தம் முப்பது பாடம். புதன்கிழமை மூன்று மணிக்கு நேரடி வகுப்பு.

அந்தப் பேச்சு எப்படி வருகிறது தெரியுமா? காற்றை வாயில் பிடித்து, தொண்டைக்குள் தள்ளி, அது வயிற்றுக்குப் போய்ச் சேருவதற்குள் திருப்பிப் பிடித்து, வெளியே விடுகிற வழியில் அதைச் சொல்லாக மாற்ற வேண்டும். பச்சையாகச் சொன்னால், ஏப்பத்தில் பேசுவது.

இதைக் கேட்டதும் எனக்கு என் வாழ்க்கையின் நோக்கம் புரிந்தது. பள்ளிக்கூடத்தில் நான் ஏப்பத்திலேயே வருகைப் பதிவேட்டை முழுதாக வாசிப்பேன். தலைமை ஆசிரியரின் பெயரைப் பட்டங்களோடு ஏப்பம் விட்டதற்காக ஒரு வாரம் வெளியே நின்றவள். பெண் பிள்ளை செய்கிற வேலையா என்று ஊரே திட்டிய கலை, இங்கே பாடத்திட்டம்! சித்தி முதலில் கூச்சப்பட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளைவிடச் சத்தமாகச் செய்தேன். கூச்சம் எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை.

ப, ட, க என்று உதடும் நாக்கும் முட்டுகிற எழுத்துகளில் ஆரம்பிக்கிற சொற்கள் முதலில் வரும். முட்டும்போதே காற்று உள்ளே போய்விடும் என்பார் டிரைவர் அண்ணன். ஆகவே எட்டு மாத மௌனத்துக்குப் பிறகு சித்தி சித்தப்பாவிடம் சொன்ன முதல் வார்த்தை, "போ."

சித்தப்பா சந்தோஷம் தாங்காமல் போனார். மாடிப்படி இறங்கித் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. "தூசி" என்றார்.

பிறகு "காபி" வந்தது. "பாட்டு" வந்தது. ஒன்பதாம் பாடம் முடிந்தபோது பன்னிரண்டு சொற்கள் கையில் இருந்தன. ஆனால் சித்தப்பாவுக்கு வேண்டியது அதில் இல்லை. அவர் பாடத்திட்டத்தை அச்செடுத்து, ஸ்கேல் வைத்துப் பார்த்து வைத்திருந்தார். உயிரெழுத்தில் ஆரம்பிக்கிற சொற்கள் கஷ்டம்; முட்டுவதற்கு எதுவும் இல்லை. அவை பத்தொன்பதாம் பாடம். "ஏங்க" அங்கேதான் இருக்கிறது. அந்த வரிக்குக் கீழே சிவப்புப் பேனாவால் ஒரு கோடு.

அப்புறம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

அன்று மாலை சித்தி பத்தாம் பாடத்தைத் திறந்தாள். போனில் சாம்பல் நிறம், மூலையில் பொடியாக ஒரு வரிசை எண். "பொதுநலன் கருதி." அந்தச் சாம்பலை நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோமே தவிர வீட்டுக்குள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சித்தப்பா போனை வாங்கினார். எங்கள் வைஃபையில் பார்த்தார். தன் சிம்மில் பார்த்தார். என் போனில் பார்த்தார். பழக்கதோஷம் பாருங்கள், வாய் தன்னால் சொல்லிவிட்டது: "திறக்கல, சரி."

தம்ளரில் மூன்று தட்டு விழுந்தது. தம்ளர் நெளிந்துவிட்டது.

சித்தப்பா அப்படியே உட்கார்ந்தார். "இருநூத்தி ஏழு" என்றார்.

"என்ன சித்தப்பா?"

"இன்னைக்குப் பட்டியல்ல இருநூத்தி ஏழு. பேர் இல்ல, வெறும் நம்பர். நான்தான் டிக் போட்டேன்."

பிறகு மெதுவாக விளக்கினார். இணையத்தில் சின்னச் சின்னப் பக்கங்கள் எல்லாம் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிற மாதிரி ஒரே எண்ணில் குடியிருக்கும். அந்தக் கட்டடத்தில் யாரோ ஒருவன் அமைச்சர்களைக் கேலிச் சித்திரம் போட்டிருக்கிறான். இரண்டாம் மாடிக்காரர்களுக்கு அவன் வீட்டுக் கதவைத் தேட நேரமில்லை. மொத்தக் கட்டடத்தின் கேட்டையும் பூட்டிவிட்டார்கள். உள்ளே நாற்பது குடித்தனம். அதில் ஒன்று டிரைவர் அண்ணன்.

"அப்போ போய்ச் சொல்லுங்க, தப்பா பூட்டிட்டோம்னு."

"அதுக்கு ஏழாம் நம்பர் படிவம் இருக்கு. பதினாலு வருஷத்துல யாரும் அதைக் கேட்டதில்ல. பீரோவுல இருக்கான்னே தெரியல."

இருந்தது. மறுநாள் கொண்டுவந்தார். நாலாவது கேள்வியில் மாட்டிக்கொண்டார்: மேற்படி பக்கத்தில் என்ன உள்ளது, விவரமாக எழுதுக. பக்கத்தைத் திறந்து பார்க்காமல் எழுத முடியாது; அது திறக்காது. வாழ்க்கையில் முதல்முறையாக உள்ளே என்ன இருந்தது என்பது அவருக்குத் தேவைப்பட்டது. சித்தி நினைவிலிருந்து ஐந்து பக்கம் எழுதிக் கொடுத்தாள். அனுப்பினார். "பரிசீலனையில்" என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினார். மறுபடியும் பரிசீலனையில்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், வி.பி.என். இல்லையா என்று. இருக்கிறது. டுடோரியலில் வாய்ப்பாடு தெரியாதவர்கள் உண்டு, வி.பி.என். தெரியாதவர்கள் இல்லை. நம் வீட்டு ஜன்னலை அடைத்துவிட்டால் அடுத்த தெருவில் ஒருவர் வீட்டுக்குப் போய், அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது, அவ்வளவுதான் அது. நாம் எட்டிப் பார்ப்பது நம் தெருக்காரர்களுக்குத் தெரியாது. ஆனால் பிடிபட்டால் வழக்கு. அதிலும் இந்த அலுவலகத்துக்காரர் வீடு என்றால் வேலையே போய்விடும். ஒவ்வொரு ஜனவரியிலும் சித்தப்பா ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிறார்: எனக்குத் தெரிந்தவரை என் வீட்டில் எவரும் அதைப் பயன்படுத்துவதில்லை.

"நம்ம வீட்டுல அந்தப் பேச்சே கூடாது" என்று விரலை ஆட்டிச் சொல்லிவிட்டார். என்னைப் பார்த்துத்தான்.

சரி என்றேன். பேச்சே இல்லாமல் போட்டுவிட்டேன்.

என் போனில் அது ஏற்கெனவே கால்குலேட்டர் வேஷத்தில் இருந்தது. சித்தி போனிலும் போட்டு, படத்தை மாற்றி, பார்ப்பதற்குக் கால்குலேட்டர் மாதிரி ஆக்கிவைத்தேன். இரண்டும் இரண்டும் தட்டினால் நாலு என்றுகூடக் காட்டும். அப்படி ஒரு கைவேலை. சித்தியிடம் விஷயத்தைச் சொன்னதும் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு ஒரு தட்டு. இங்கே வா.

மூன்று மணிக்கு சித்தப்பா அலுவலகத்தில் ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் இங்கே பார்ப்போம். எந்த நாட்டு ஜன்னல் வழியாகப் போவது என்பதைச் சித்தி தேர்ந்தெடுப்பாள். கொடிகளின் வரிசையைப் பார்த்து, அன்று கழுத்தில் கட்டியிருக்கிற துணிக்குப் பொருத்தமான நிறத்தில் ஒன்றைத் தொடுவாள். நீலத் துணி என்றால் பனி பெய்கிற நாடு. போன் முழுக்கப் பனி அள்ளுகிற மண்வெட்டி விளம்பரம் வரும். எங்கள் வீட்டில் மின்விசிறி முழு வேகத்தில் ஓடும். ஒரே நாட்டுக்கு மூன்று நாள் தொடர்ந்து போனால் சித்தி தலையாட்டி மறுப்பாள். கையோடு வைத்திருக்கும் சின்னச் சிலேட்டுப் பலகையில் எழுதிக் காட்டுவாள்: "அவங்களுக்கும் தொந்தரவுதானே? இன்னைக்கு வேற வீட்டுக்குப் போவோம்."

பத்தாம் பாடம். பதினொன்று. பதினான்கு. அந்த ஜன்னல் அடிக்கடி தானாக மூடிக்கொள்ளும்; நான்தான் திரும்பத் திறந்துவிட வேண்டும். சித்திக்குத் தனியாகச் செய்ய பயம்.

இப்போது ஒரு சிக்கல் வந்தது. சித்தி முன்னேறிக்கொண்டே போனாள். ஆனால் சித்தப்பா கணக்கில் பக்கம் மூடியிருக்கிறது. சித்தி ஒன்பதாம் பாடத்திலேயே நிற்க வேண்டும். "கதவைத் தட்டறாங்க" என்று முழு வாக்கியம் பேசுகிறவள், சாயங்காலம் ஆறு மணியானால் "போ", "காபி", "பாட்டு" என்று பன்னிரண்டு சொல்லுக்குள் சுருங்கிக்கொள்வாள். ஒருநாள் சாப்பிடும்போது வாய் தவறி, "குழம்பு சுடுது" என்றுவிட்டாள். குழம்பு பன்னிரண்டில் இல்லை. நான் சடாரென்று தண்ணீரைத் தட்டிவிட்டு ஒரு கலவரத்தை உண்டாக்கி மூடினேன். சித்தப்பா துணி எடுத்து மேசையைத் துடைத்தார். பிறகு குழம்பை ஊதி ஊதிச் சாப்பிட்டார்.

அந்த நாட்களில் சித்தப்பாவுக்கு மறதி வந்துவிட்டது. எதையும் விட்டுவிட்டுப் போகாதவர், ஒருநாள் குடையை விட்டுவிட்டுப் படியிறங்கினார். மூன்றாவது படியில் கொஞ்ச நேரம் நின்றார். நான் ஓடிப்போய்க் கொடுத்தேன். "ஓ, நீயா" என்றார். மறுநாள் டிபன் பாக்ஸ். அப்புறம் கண்ணாடி. கண்ணாடி இல்லாமல் இந்த மனிதர் எதை எப்படிப் பார்க்காமல் இருப்பார்! ஏழாம் நம்பர் படிவம் அவரைப் பாடாய்ப் படுத்துகிறது, வயதும் ஆகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தொன்பதாம் பாடம் ஒரு புதன்கிழமை வந்தது. அன்று எனக்கு வேறு ஒரு வேலையும் இருந்தது, அதை விடுங்கள். சித்தி சிவப்புத் துணி கட்டியிருந்தாள். போனின் சின்னச் சதுரங்களில் ஒன்பது முகம். டிரைவர் அண்ணன் தன் கரகரப்பில் சொன்னார்: "முட்ட எதுவும் இல்லன்னா, காத்த முன்னாடியே வாங்கி வச்சுக்கணும். கிளட்ச் மாதிரி. மெதுவா விடுங்க." ஒவ்வொருவராகச் செய்தார்கள். இரண்டு முறை இணைப்பு அறுந்தது. இரண்டு முறையும் வேறு வேறு நாட்டுக்குக் குதித்துப் பிடித்தேன். சித்தியின் முறை வந்தது. காற்றை விழுங்கினாள். கண்ணை மூடினாள்.

"ஏ... ங்க."

ஒன்பது முகமும் கை தட்டின. எனக்கும் தூசி.

அதற்குப் பத்து நாள் கழித்து, ஒரு காலை. சித்தப்பா கேஸ் பார்த்தார், சரி. குழாய் பார்த்தார், சரி. பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். மேசை மேல் அவருடைய அடையாள அட்டை கிடந்தது. அது இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள். நான் வாயில் பிரஷ்ஷோடு இருந்தேன். சித்தி அட்டையைப் பார்த்தாள், எடுத்தாள், வாசலுக்கு ஓடினாள், ஓடின வேகத்தில் அது தானாக வந்துவிட்டது:

"ஏங்க!"

படிக்கட்டு முழுக்க அது உருண்டு இறங்கியது. கரகரவென்று, முனை மழுங்கி, ஆனால் அதுவேதான். செருப்புச் சத்தம் நின்றது. மூன்றாவது படி.

எனக்கு எல்லாம் ஒரு நொடியில் ஓடியது: ஜனவரித் தாள், வேலை, வழக்கு. நுரையோடு வாசலுக்குப் பாய்ந்தேன். சித்தியைப் பின்னால் தள்ளினேன். என் வாழ்நாளிலேயே பெரிய ஏப்பம் ஒன்றை எடுத்து, "ஏஏஏங்க!" என்று விட்டேன். "எப்படி சித்தப்பா? பயந்துட்டீங்களா? நான்தான்!"

சித்தப்பா கீழே இருந்து நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். ஏறி வந்து அட்டையை வாங்கிக்கொண்டார்.

"நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சித்தி அன்று முழுவதும் என்னிடம் ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை. மதியம் அவள் வேலையிலிருந்து வந்ததும் மூன்று தட்டாவது விழும் என்று தம்ளருக்குப் பக்கத்திலேயே நின்றேன். மூன்று மணிக்குப் போனை நீட்டினேன். திருப்பி வைத்துவிட்டாள். ஒன்றரை வருடமாக அவள் தேடிய சொல் அது. வந்து சேரவேண்டியவரிடம் வந்து சேர்ந்த நொடியில் நான் பிடுங்கி என் பெயரைப் போட்டுக்கொண்டேன். எத்தனையோ குறும்பு செய்திருக்கிறேன், திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது அது ஒன்றுதான்.

சாயங்காலம் சித்தப்பா வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் வந்தார். கை கால் கழுவினார். செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார். தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"காலைல யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. வேலை அவசரத்துல சரியா காதுல விழல. என்ன விஷயம்?"

"அது நான்தானே சித்தப்பா..."

"உன்னைக் கேக்கல, வாலு."

சித்தி அடுப்படி வாசலில் நின்றாள். என்னைப் பார்த்தாள். எனக்கு மூச்சே வரவில்லை; அவள் மட்டும் நிதானமாகக் காற்றை வாங்கினாள்.

"ஏங்க."

"ம்" என்றார் சித்தப்பா.

தாளை இறக்கவில்லை, தலையைத் தூக்கவில்லை. இருபது வருடமாகச் சொன்ன அதே அசமந்த "ம்". அதைக் கேட்டதும் சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரிக்க ஆரம்பித்தாள். செய்தித்தாள் லேசாக நடுங்கியது. மின்விசிறிக் காற்று என்று வைத்துக்கொள்வோம்.

"எப்போ கண்டுபிடிச்சீங்க?" என்று ஒருவழியாகக் கேட்டேன்.

"மூணு மாசம் ஆச்சு. கணக்குல பெயிலானவ போன்ல ஒரு கால்குலேட்டரே அதிகம். உன் போன்ல ரெண்டு. அப்புறம் உங்க சித்தி போன்லயும் ரெண்டாச்சு."

"திறந்து பாத்தீங்களா?"

"பாக்கல. பதினாலு வருஷத்துல நான் செக் பண்ணாம விட்டது அது ஒண்ணுதான்." தாளைப் புரட்டினார். "ஜனவரி பேப்பர்ல 'எனக்குத் தெரிந்தவரை'ன்னு போட்டிருக்கு. எனக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது."

"அப்போ குடை, டிபன் பாக்ஸ், கண்ணாடி..."

"பத்தொன்பது எப்போ வரும்னு கணக்குப் போட்டேன். வாரம் ஒண்ணுன்னா, போன மாசமே வந்திருக்கணும். ஒவ்வொரு நாளும் நீதான் ஓடி ஓடி வந்தே. பெரிய தொந்தரவு உன்னோட."

சித்தி இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே ஸ்பூனை எடுத்தாள். மூன்று தட்டு. யாருக்கு என்று தெரியவில்லை. இரண்டு பேரும் வாங்கிக்கொண்டோம்.

"என்னோட ஏப்பத்தை நிஜமாவே நம்பலையா? நல்லாத்தானே விட்டேன்?"

"உன்னதுல பாதி சிரிப்பு இருக்கும். அவ கூப்பிட்டா, நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு எனக்கே தோணும்." எழுந்தார். "படிவம் நாலாவது தடவையா போயிருக்கு. இந்தத் தடவை நாப்பது குடித்தனத்துக்கும் சேர்த்து எழுதியிருக்கேன். அது வர்றப்போ வரட்டும்."

ஜன்னல் பக்கம் போனார், கொக்கியைப் பார்க்க. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் சோபாவில் சாய்ந்தேன். அவர் கொக்கியைத் தொடவில்லை. ஜன்னல் ஆடாமல் இருக்க நான் மடித்துச் செருகி வைத்திருந்த காகிதத்தை உருவினார். பிரித்தார். சட்டைப்பையிலிருந்து ஸ்கேலை எடுத்து மடிப்பை நீவினார்.

என் ஹால் டிக்கெட்.

"மூணாவது தடவையும் கணக்கு கஷ்டமா வந்துச்சுன்னு சொன்னே இல்ல?"

"ஆமா. ரொம்ப."

"பரீட்சை புதன்கிழமை. ரெண்டு மணியிலேர்ந்து அஞ்சு மணி." ஒரு வரியின் கீழ் ஸ்கேலை வைத்தார். "இங்க சூப்பர்வைசர் கையெழுத்து இருக்கணும். காலியா இருக்கு."

சித்தி சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். அந்தப் புதன்கிழமை, அந்தச் சிவப்புத் துணி, இரண்டு முறை அறுந்த இணைப்பு, எல்லாம் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தது. காலையிலேயே பரீட்சை முடிந்துவிட்டது என்று அவளிடமும் புளுகியிருந்தேன்.

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவள் நான். வாயைத் திறக்கப் பார்த்தேன். ஏப்பம்கூட வரவில்லை.

"திறக்கல" என்றார் சித்தப்பா. சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தக் காலிக் கட்டத்தில், ஸ்கேல் இல்லாமலே, ஒரு டிக் போட்டார்.